கன்னி மூலையில் முதல் ஷீட்

சங்கரேஸ்வரி அத்தை மொட்டை மாடியின் ஓரத்தில் நின்று தேங்காயைக் கீழே போட்டாள். முற்றத்தில் இரண்டு செங்கல் அடுக்குகளின்மேல் ஒரு சிமெண்ட் ஷீட் துண்டு கிடந்தது. அது இரண்டாக உடைந்தது. ஷீட்டைக் கொண்டுவந்த செங்கோட்டைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அத்தை மேலிருந்தே சத்தம் கொடுத்தாள்.

“வீட்டச் சுத்திப் பதினோரு தென்னை நிக்கி. உங்கிட்டக் கேட்டுட்டா தேங்கா விழும்? எடுத்துட்டுப் போ.”

“யக்கா, இது சாம்பிளு. கொஞ்சம் மெல்லிசு…”

“சாம்பிளே மெல்லிசுன்னா சரக்கு அப்பளமால்லா இருக்கும். கல்யாண வீட்டுல கொண்டு போயிப் பொரிச்சுக் குடு.”

சென்ற வருடம் சித்திரையில் இப்படி மூன்று காண்ட்ராக்டர்களை அவள் திருப்பி அனுப்பினாள். இலஞ்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரும்புச் சட்டம் அடித்து, மேலே ஷீட் போட்டு, நான்கு அறைகளாகத் தடுக்க வேண்டும். குற்றாலத்தில் சீசன் தொடங்குவதற்குள் அறைகள் வாடகைக்குத் தயாராக வேண்டும். இது என் அப்பாவின் உத்தரவு. அப்பா வல்லிநாயகம் அத்தைக்கு அண்ணன். வங்கி வேலையில் ஓய்வு பெற்றுச் சென்னையில் இருக்கிறார். நான் மெல்பர்னில் இருக்கிறேன். வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க ஊரில் இருந்தது அத்தை ஒருத்திதான். இங்கே எழுதுவதில் பாதி அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களில் இருந்தது, பாதி நானே போனில் பார்த்தது.

வீட்டின் பின்பக்கம் பழைய ஓட்டு அறை ஒன்று உண்டு. அத்தை முப்பத்திரண்டு வருடமாக அதில்தான் இருந்தாள். வடகரையில் கட்டிக் கொடுத்த இடத்தில் ஐந்து வருடம் ஆகியும் பிள்ளை இல்லை. ஒரு நாள் அவளுடைய மாமியார் ட்ரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வயல் வரப்பின்மேல் வைத்துவிட்டாள். நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பெட்டியோடு இலஞ்சிக்கு வந்தபோது அத்தைக்கு வயது இருபத்து நான்கு. தாத்தா அவளை முன்வாசல் வழியாக வரச் சொல்லவில்லை. பின்பக்கத்தைக் காட்டினார். அப்போது அது உர மூட்டை அடுக்கும் அறை.

பிறகு தாத்தாவும் ஆச்சியும் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தார்கள். இருவருக்கும் மலம் மூத்திரம் அள்ளியது அவள். இருவரும் போன பிறகு அப்பா அவளைத் தென்காசிக்குப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்ததும் அப்பா அவளுக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

“பின் ரூமு உனக்குத்தாண்டி. நீ சாகுற வரைக்கும் ஒருத்தனும் உன்ன எந்திரின்னு சொல்ல மாட்டான்.”

இது பத்திரத்தில் இல்லை. கல்லூரி விடுமுறையில் நானும் கூடப் போயிருந்தேன். எனக்கும் ஒரு ரோஸ்மில்க் கிடைத்தது.

போன வருடம் தை மாதம் அப்பா போன் செய்து, மாடியில் அறைகள் போட்டுச் சீசனுக்கு விட வேண்டும், இல்லையென்றால் வீட்டை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். “வித்தா, வாங்குறவன் உன்னையும் சேத்தா வாங்குவான்?” என்று கேட்டார். ஷீட்டைச் சோதித்துப் பார்க்க அத்தை அன்றைக்கே முற்றத்தில் செங்கல் அடுக்கினாள். மாடியில் கூரை நின்றால் பின் அறை அவளுடையது. அவளுக்கு இந்த வேலையில் இருந்தது அவ்வளவுதான்.

கூரை அவளுக்குப் புதிதல்ல. தன் அறையின் ஓடுகளை அவளேதான் பார்த்துக்கொள்வாள். ஒவ்வொரு பங்குனியிலும் ஏணி போட்டு ஏறி, விரிசல் விட்ட ஓட்டை மாற்றி, மேற்கு ஓரத்து வரிசையைச் செம்புக் கம்பியால் சட்டத்தோடு கட்டி, முகட்டில் சிமெண்ட் பூசி இறங்குவாள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வரும் காற்று முதலில் மோதுவது அந்த அறையின்மேல்தான். முப்பத்திரண்டு சாரலில் உள்ளே ஒரு சொட்டு விழுந்ததில்லை என்று அவள் சொல்வாள். சொல்லும்போது கொஞ்சம் கர்வம் இருக்கும். அவளிடம் கர்வப்பட வேறொன்றும் இல்லை.

இரண்டாவதாக வந்தவர் தென்காசிக்காரர், மடிப்புக் கலையாத சட்டை, கையில் பளபளப்பான படப் புத்தகம். ஓடு மாதிரியே அச்சு வார்த்த பிளாஸ்டிக் ஷீட். படத்தைப் பார்த்து அப்பா சொக்கிப் போய், “இதையே போடு, டூரிஸ்டுக்குப் பிடிக்கும்” என்று அத்தைக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். முதல் தேங்காய் ஷீட்டில் பட்டுத் துள்ளிப் போயிற்று. வந்தவர் கைதட்டினார். அத்தை இறங்கி வந்து தேங்காயைப் பொறுக்கிக்கொண்டு திரும்ப ஏறினாள். அதே இடத்தில் இரண்டாவது. மூன்றாவது. நான்காவதில் ஓட்டை விழுந்தது.

“நாலு தேங்கா எங்கயாச்சும் ஒரே எடத்துல விழுமாக்கா?” அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“தென்னைக்கு எடம் மாறத் தெரியாதுலே.”

மூன்றாவது ஆளை அவள் தேங்காய் வரைக்கும்கூட விடவில்லை. எந்தப் பக்கமிருந்து ஷீட் போட ஆரம்பிப்பாய் என்று கேட்டாள். “நீங்க சொல்லுற பக்கத்துல இருந்து” என்றான். “அப்ப நானே போட்டுக்கிடுதேன், நீ எதுக்கு?” என்று அனுப்பிவிட்டாள்.

நான்காவதாக வந்தவர் ஜெபசிங், கீழப்பாவூர்க்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். கலர் அடித்த இரும்பு ஷீட் போடுகிறவர். ஷீட்டின் கனத்தை அளக்கும் கருவியைத் தானே எடுத்து அத்தையிடம் நீட்டினார். “தேங்காயப் போடுங்கக்கா. குழி விழும். உடையாது. ஆனா மழை பெஞ்சா தகரத்துல சத்தம் கேக்கும், அத நான் மறைக்க மாட்டேன்.”

அத்தை தேங்காயைப் போட்டாள். குழி விழுந்தது.

“எங்கன இருந்து ஆரம்பிப்ப?”

ஜெபசிங் மேற்கே மலையைப் பார்த்தார். “இந்த ஊருல இதக் கேக்கணுமாக்கா? கெழக்க ஆரம்பிச்சு மேக்க போயி முடிக்கணும். அப்பத்தான் மேக்க உள்ள ஷீட்டு கெழக்க உள்ளதுக்கு மேல ஏறி நிக்கும். காத்து அது முதுகத் தடவிட்டுப் போயிரும். மாத்திப் போட்டா, காத்துக்கு நாமளே வாயத் தொறந்து காட்டுன மாதிரி.”

அன்றைக்கு எனக்கு வந்த வாய்ஸ் மெசேஜ்: “ஏலே பாண்டி, ஆளு கெடச்சிட்டான். பொய் சொல்லத் தெரியல, வெல கூடச் சொல்லுதான். இவனே இருக்கட்டும்.”

வேலை பதினெட்டு நாள் நடந்தது. வைகாசி வெயிலில் பதினெட்டு நாளும் அத்தை மாடியில் நின்றாள். அவளுடைய நாக்கு எவ்வளவு பொல்லாதது என்று எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. வெல்டர் பற்றவைத்த இடத்தையெல்லாம் சுத்தியலால் தட்டிப் பார்ப்பாள். ஒரு இடம் விட்டுப்போனது. “இது உம் பொண்டாட்டிக்கு நீ எடுத்த சேல மாதிரிலா இருக்கு. பாக்க நல்லா இருக்கு, இழுத்தா வந்துருது” என்றாள். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். வெல்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவளுக்குக் கேட்கும்படியே சொன்னார்:

“இவள ஏன் புருசன் வெரட்டுனான்னு இப்பத்தாம்லே தெரியுது.”

இதற்கும் சிரித்தார்கள். அத்தை சுத்தியலால் அதே இடத்தைத் திரும்பத் தட்டினாள்.

“தெரிஞ்சிட்டுல்லா? இப்ப ஒழுங்காப் பத்த வை.”

சட்டம் முடிந்து ஷீட் ஏற்றும் நாள் காலையில் அப்பா ரயிலில் வந்து இறங்கினார். சட்டைப் பையில் சென்னையில் வாஸ்து பார்க்கிறவர் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. முதல் ஷீட் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கு மூலையில், பத்தரைக்கு மேல் பதினொன்றரைக்குள் ஏற வேண்டும். வேலை அங்கிருந்து கிழக்கு நோக்கி வளர வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டு வேலை என்றால் கன்னி மூலையைக் கேட்காமல் யாரும் கடப்பாரையைக்கூடத் தொட மாட்டார்கள். ஆனால் கூரை ஷீட்டை மேற்கே ஆரம்பித்துக் கிழக்கே கொண்டுபோனால், ஒவ்வொரு ஷீட்டின் விளிம்பும் மேற்குக் காற்றைப் பார்த்துத் திறந்து நிற்கும்.

ஜெபசிங் தாளை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அண்ணாச்சி, இப்படிப் போட்டா காத்து உள்ள பூந்துரும்.”

“நீ வேதக்காரன். சர்ச்சுக்குப் போறவனுக்குக் கன்னி மூலையப் பத்தி என்ன தெரியும்?”

“காத்து எந்த வேதம்னு எனக்குத் தெரியல அண்ணாச்சி.”

அத்தை இருவருக்கும் நடுவில் வந்தாள். “யண்ணே, ஒண்ணு செய்வோம். நல்ல நேரத்துல கன்னி மூலையில ஒரு ஷீட்ட வச்சு, சூடம் காட்டி எறக்கிருவோம். பொறவு கெழக்க இருந்து ஆரம்பிக்கட்டும்.”

“சாமியவே ஏமாத்தச் சொல்லுதியா?”

“சாமி கோவிச்சா சொல்லிக்கிடலாம். காத்துக்கிட்ட சொல்ல முடியாதுண்ணே. ஆடிக்குள்ள தூக்கிட்டுப் போயிரும். எழுதி வச்சுக்கோ, ஆடிக்குள்ள தூக்கிட்டுப் போயிரும்.”

அவள் அதை இரண்டு தடவை சொன்னதை ஏழு தொழிலாளர்களும், எதிர் வீட்டு மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த பாலம்மாளும் கேட்டார்கள். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“வடகரையில ஒரு கூரைக்குக் கீழ அஞ்சு வருசம் ஒழுங்கா நிக்கத் தெரியல. இவ எனக்குக் கூரை போடச் சொல்லித் தாரா.”

அத்தை அப்பாவின் கையிலிருந்த போனைக் காட்டி, “பாண்டியக் கேளு. அவன் படிச்சவன்” என்றாள்.

இங்கே அப்போது பிற்பகல் மூன்று மணி. அலுவலகத்தில் காரிடாருக்கு வந்து வீடியோ காலை எடுத்தேன். அப்பாவின் நெற்றி பாதியும், அத்தையின் முகமும், பின்னால் வானத்தில் வெறும் இரும்புச் சட்டமும் தெரிந்தன. நான் எதற்கும் முன்கூட்டியே பயப்படுகிற ஆள். நான்கு நாள் முன்பே அந்த ஷீட் கம்பெனியின் கையேட்டை இறக்கிப் படித்திருந்தேன். அதில் படமே போட்டிருந்தது: காற்று வரும் திசைக்கு ஒரு அம்புக்குறி, ஆரம்பிக்க வேண்டிய எதிர் மூலையில் ‘ஒன்று’ என்ற எண். அத்தை சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் அதில் இருந்தது.

“சொல்லுலே,” என்றாள் அத்தை.

அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. ஆட்கள் முன்னால் அவரை மறுத்துப் பேசினால் என்ன ஆகுமோ என்று நினைத்தேன். “அப்பா சொல்ற மாதிரியே செஞ்சிருங்க அத்தை. வேணும்னா ரெண்டு ஸ்க்ரூ கூடப் போட்டுக்கலாம்” என்றேன்.

அத்தை படத்திலிருந்து விலகிப் போய்விட்டாள்.

ஜெபசிங் தன் போனை எடுத்து அப்பாவின் முன் நீட்டினார். “அண்ணாச்சி, நீங்க சொல்லித்தான் இப்படிப் போடுதேன்னு இதுல ஒரு வார்த்த சொல்லிருங்க.” அப்பா தொண்டையைச் செருமி, பெயர், ஊர் எல்லாம் சேர்த்துக் கம்பீரமாகச் சொன்னார். பத்தே முக்காலுக்கு முதல் ஷீட் கன்னி மூலையில் ஏறியது. அத்தைதான் சூடம் ஏற்றினாள்.

சீசன் ஆரம்பித்தது. நான்கு அறையும் நிறைந்தன. வருகிறவர்களுக்குச் சாவி கொடுப்பது, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் குளியலறை கழுவுவது, அருவியில் நனைந்த துண்டுகளைப் பிழிந்து காயப்போடுவது எல்லாம் அத்தை. அவளை ஆயா என்று கூப்பிட்டார்கள். ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது அவள் கையில் ஐம்பது ரூபாயைத் திணித்து, “ஓனர்கிட்ட சொல்லாத” என்றார். அதைச் சொல்லி அத்தை போனில் ரொம்ப நேரம் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆனி பாதியில் மேற்கு ஓரத்து ஷீட்டுகள் தட்ட ஆரம்பித்தன. காற்று தூக்கும்போது ஒரு சத்தம், விடும்போது ஒரு சத்தம். அப்பாவிடம் சொன்னாள். “மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?” என்று அவர் வைத்துவிட்டார். அத்தை தென்னை மட்டையும் மணல் மூட்டையும் ஏற்றி அந்த ஓரத்தில் வைத்தாள். மணல் மூட்டை பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று தங்கியிருந்தவர்கள் சொன்னதால் அதை இறக்கச் சொன்னோம்.

ஆடி இரண்டாவது சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. நான் வானிலை பார்க்கும் செயலியில் குற்றாலத்தை எப்போதும் வைத்திருப்பேன். அன்று அம்புக்குறி மேற்கிலிருந்து ஊசி மாதிரி நேராக நின்றது. முதல் ஷீட் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதன்மேல் ஏறியிருந்த இரண்டாவது வாயைத் திறந்தது. அதற்குப் பிறகு ஜெபசிங்கின் கூடுதல் ஸ்க்ரூக்கள் எதுவும் உதவவில்லை. ஏழு ஷீட் போயிற்று. ஒன்று தென்னை மரத்தில் சொருகி நின்றது. ஒன்று பாலம்மாள் வீட்டு மாட்டுத் தொழுவத்தைத் தாண்டி வயலில் விழுந்தது. மற்றவை சுற்றிலும் கிடந்தன. ஆளுக்கு அடி படவில்லை.

மேலே இரண்டு குடும்பம் இருந்தது. நனைந்த மெத்தையோடும் பிள்ளைகளோடும் கீழே ஓடி வந்தார்கள். அத்தை தன் அறைக் கதவைத் திறந்துவிட்டாள். பதினோரு பேர் அந்த உர மூட்டை அறையில் உட்கார்ந்தார்கள். அவள் தன் சேலைகளை எடுத்துப் பிள்ளைகளின் தலையைத் துவட்டச் சொன்னாள். சுக்குக் காப்பி போட்டாள். தலைக்கு மேல் ஓட்டில் மழை மெதுவாக அரிசி கொட்டுவதுபோல் பெய்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. மதுரையிலிருந்து வந்த சமீனா என்ற டீச்சர் அண்ணாந்து பார்த்தாளாம்.

“ஆன்ட்டி, இவ்வளவு நல்ல ரூமை வச்சிக்கிட்டு எங்களை ஏன் தகரத்துக்குக் கீழ போட்டீங்க?”

அத்தைக்கு அது தலைகால் புரியாத சந்தோஷம். ஓடு, முகடு, செம்புக் கம்பி எல்லாவற்றையும் அவளுக்குக் காட்டினாள். சமீனா படம் எடுத்தாள். ஊருக்குப் போய், நன்றி மறக்காமல், முன்பதிவு செய்யும் தளத்தில் எழுதினாள்: மாடி அறைகள் வேண்டாம். பின்னால் ஒரு ஓட்டு அறை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். சொர்க்கம்.

அப்பா முதலில் ஜெபசிங்கைத் திட்டப் போன் செய்தார். ஜெபசிங் அந்தப் பதிவை ஓடவிட்டார். தன் குரலைத் தானே கேட்டுவிட்டு வைத்த அப்பா, அடுத்து அத்தையைக் கூப்பிட்டார்.

“நீதாண்டி வாய வச்ச. ஆடிக்குள்ள தூக்கிரும்னு ரெண்டு மட்டம் சொன்னீல்லா? கன்னி மூலையில போட்டது எப்படிப் போவும்? உன் கரிநாக்குதாண்டி தூக்கிட்டுப் போச்சு.”

அவர் இதைக் கோபத்தில் மட்டும் சொல்லவில்லை. நம்பினார். இப்போதும் நம்புகிறார். ஊரும் நம்பியது, சாட்சிக்குத்தான் ஆள் இருந்ததே. பாலம்மாள் வீட்டில் மகனுக்கு மாடி எடுத்துக் கான்க்ரீட் போட்ட அன்று, தெருவில் போன அத்தையைப் பார்த்து அவள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சங்கரி, நீ ஒண்ணும் சொல்லிராத தாயி. நல்லா இருக்குன்னும் சொல்லிராத.”

அத்தை கையை உருவிக்கொண்டு கடந்து போனாள். அதற்கு அப்புறம் ரேஷன் கடை வரிசையில்கூட அவள் பக்கத்தில் நின்று யாரும் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பேசவில்லை.

ஆவணியில் அப்பா மறுபடி கூப்பிட்டார். மாடிக் கூரையைத் திரும்பப் போடப் போவதாகச் சொன்னார். வாஸ்துக்காரரைக் கேட்டதில், கூரைக்கு மட்டும் கிழக்கிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இப்போது சொல்லிவிட்டாராம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பின் ரூமையும் விட்ருவோம் சங்கரி. நாலு பேரு அதத்தான் கேக்கான்.”

“சாகுற வரைக்கும்னு சொன்னியேண்ணே.”

“இப்ப உன்ன யாரு சாகச் சொன்னா?”

அத்தை அன்று எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். பதினொரு வினாடி. “பாண்டி, நீ அன்னைக்கு ரோஸ்மில்க் குடிச்சேல்லா. உங்கப்பன் சொன்னதக் கேட்டேல்லா. அதச் சொல்லு அவன்கிட்ட.” நான் அதை மூன்று முறை கேட்டேன். அப்பாவிடம் பேசிப் பார்க்கிறேன் என்று எழுதி அனுப்பினேன். பேசிப் பார்க்கவில்லை.

அறையைக் காலி செய்வதற்கு அவள் அப்பாவிடம் கேட்டது ஒன்றுதான்: கீழே விழுந்த ஷீட்டுகள். ஐந்து தேறின. நெளிந்த இடங்களைத் தென்னங்கட்டையில் வைத்து அடித்து நிமிர்த்தி, சட்டம் அடித்ததில் மிஞ்சிய குழாய்களைக் காலாக நட்டு, பின் அறையின் தெற்குச் சுவரை ஒட்டி அவளே ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை, ராகு காலத்தில். நாள் பார்த்துப் போட்டதுதான் ஆகாயத்தில் போயிற்றே என்றாள். கிழக்கில் ஆரம்பித்து மேற்கே முடித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் படுத்திருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்கள் படுத்தார்கள். அவளுடைய காலண்டர் ஆணியில் அப்பா ஒரு மூங்கில் விளக்கு மாட்டச் சொன்னார்.

பத்து மாதம் அந்தச் சாய்ப்பில் இருந்தாள். ஐப்பசி மழை போயிற்று. இந்த வருட ஆனிக் காற்றும் வந்தது. நான் வீடியோவில் கேட்டபோதெல்லாம் கையால் ஷீட்டைக் குத்திக் காட்டினாள். அசையவில்லை.

அந்த மாதக் கடைசியில் பின் அறையில் தங்கிய ஒருவர் எழுதினார்: ‘அறை அருமை. ஆனால் ஜன்னலைத் திறந்தால் ஒரு தகரக் கொட்டகையும், கொடியில் யாரோ ஒரு அம்மாவின் உள்பாவாடையும் தெரிகிறது. ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்.’ அப்பா அதைப் படம் பிடித்து எங்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டு, கீழே எழுதினார்: ‘கழட்டிருவோம்.’ குரூப்பில் அப்பா, அம்மா, நான் என மூன்று பேர்தான். அம்மா எப்போதும் பதில் போட மாட்டார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் போட்டேன்.

அவளுக்கு இடம் பார்த்ததும் நான்தான். கீழப்பாவூரில் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். தூக்கி உட்கார வைக்க, துடைத்துவிட ஆள் தேடினார்கள். சாப்பாடும் படுக்க இடமும் உண்டு. அத்தைக்கு அந்த வேலை தெரியும். போனில் சொன்னேன்.

“அந்த வீட்டுக்கு என்ன கூரைலே?”

“கான்க்ரீட், அத்தை.”

“அப்ப எனக்கு மேல சோலி இல்ல. பீ அள்ளுறது மட்டுந்தான்.”

சாய்ப்பைக் கழற்ற ஜெபசிங்கையே வரச் சொல்லியிருந்தார் அப்பா. வேலை முடிந்ததற்கு அத்தாட்சியாக வீடியோ அனுப்ப வேண்டும் என்பது பேச்சு. அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது. ஜெபசிங் சாய்ப்பைச் சுற்றி வருகிறார். இரண்டு ஷீட் சேரும் இடத்தில் விரல் நகத்தை நுழைத்துப் பார்க்கிறார். நுழையவில்லை.

“யாருக்கா போட்டது?”

“நாந்தான். ஏன், கோணலா இருக்கா?”

“இல்லக்கா.”

அவர் ஏணியைக் கிழக்கு ஓரத்தில் சாத்தி ஏறுகிறார். முதல் ஸ்க்ரூவில் கருவியை வைக்கிறார். வாசலில் ஆட்டோ ஒன்று நிற்கும் சத்தம் கேட்கிறது. அத்தை ட்ரங்குப் பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, வேகமாக நடந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொள்கிறாள்.

“ஏலே, அங்கன ஏன் கை வைக்க? அடியில உள்ளத மொதல்ல உருவுனா வளைஞ்சுலா போவும். இங்கன வா. மேக்க இருந்து கழட்டு.”